இருநூறு எழுத்துக்குள்

நூற்று எழுபத்தெட்டாவது கருத்துப் பாரத்தில் ஒருவர் ‘திட்டத்தை ஆதரிக்கிறேன், ஆனால் இடிக்க வேண்டாம்’ என்று எழுதியிருக்கிறார். இதை ஆதரவில் போடுவதா எதிர்ப்பில் போடுவதா என்று தெரியாமல் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். திரையில் இருப்பது நாலு கட்டம்தான். ஆதரவு, எதிர்ப்பு, ஆலோசனை, தொடர்பில்லாதது. ஊர் ஜனம் பேசுவதெல்லாம் இந்த நாலுக்குள் அடங்கிவிடும் என்று யாரோ ஒரு புண்ணியவான் முடிவு செய்திருக்கிறான். அதற்குக் கீழே கருத்துக்கென்று ஒரு பெட்டி, அதில் இருநூறு எழுத்து ஏறும், அதற்கு மேல் ஒரு புள்ளி வைத்தாலும் பெட்டி சிவந்துபோய் எதையும் வாங்க மாட்டேன் என்கிறது. மணி இரண்டேகால். சாப்பிட்ட தயிர்சாதம் கண்ணை இழுக்கிறது. காற்றாடி காகிதத்தையெல்லாம் தூக்கப் பார்க்கிறது, தண்ணீர் பாட்டில், ஸ்டேப்ளர், டிபன் டப்பா மூடி என்று கையில் அகப்பட்டதை எல்லாம் எடுத்துப் பாரங்கள் மேல் வைத்திருக்கிறேன். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு. ஐந்து மணிக்குள் எல்லாம் ஏறியாக வேண்டும், வியாழக்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டம். பழைய மார்க்கெட்டை இடித்துவிட்டு ‘ஒருங்கிணைந்த நாளங்காடி வளாகம்’ கட்டப் போகிறார்களாம், கீழே வண்டி நிறுத்தம், மேலே இரண்டு மாடி. ‘பொதுமக்கள் தங்கள் மேலான கருத்துகளைத் தெரிவிக்குமாறு அன்புடன் அழைக்கப்படுகிறார்கள்’ என்று நோட்டீஸ் அடித்ததும் நான்தான். ‘அன்புடன்’ என்ற சொல் எங்கள் நகராட்சி மேனேஜர் தணிகாசலம் சார் எழுதிக் கொடுத்ததில் இல்லை, என் விரல் பாட்டுக்கு அடித்துவிட்டது, கல்யாணப் பத்திரிகை அடித்துப் பழகிய விரல். சார் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “சரி, இருந்துட்டுப் போகட்டும்” என்றார். அன்புடன் அழைத்ததற்கு இத்தனை பேர் வந்துவிட்டார்கள். மீன் கடையையும் பூக்கடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள் என்கிறார் ஒருவர். என் மாமியாருக்கு முட்டி வலி, தக்காளி வாங்க மாடி ஏற மாட்டார் என்கிறார் ஒரு அம்மா. போன வருஷம் கொடுத்த தெருவிளக்கு மனு என்ன ஆயிற்று என்று ஒருவர் கேட்டிருக்கிறார், அது தொடர்பில்லாதது. யாரோ ஒரு குழந்தை ‘ஊஞ்சல்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது, அதை ஆலோசனையில் போட்டேன்.

இடது பக்கம் ஒரு கட்டு இருக்கிறது, சிவப்பு நூல் போட்டுக் கட்டியது. அதை இன்னும் பிரிக்கவில்லை. வார்டு வாரியாகத் தெரு ஜனங்கள் கொடுத்ததையெல்லாம் முதலில் முடித்துவிடலாம், மார்க்கெட் கடைக்காரர்கள் கட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று காலையில் நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். பத்தரைக்கு டீ வந்தபோது பிரித்திருக்கலாம், பிரிக்கவில்லை. பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போய் வந்தது, அப்போதும் இல்லை. அந்தக் கட்டில் நூற்றுச் சொச்சம் கடைகள், அதில் ஒரு கடை அறுபத்து நாலு, அப்பாவின் வாழையிலைக் கடை. அப்பா பாரம் கொடுத்திருப்பாரா, கொடுத்திருக்க மாட்டார். கூட்டம், சங்கம், மனு எதற்கும் போகாத மனுஷர், ஊர்வலம் போனால் கடைக்குள் தள்ளி நின்றுகொள்கிறவர், அவர் என்ன கருத்துச் சொல்லப் போகிறார். கொடுத்திருந்தாலும் கையெழுத்து மட்டும்தான் இருக்கும். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமா. ஒரே ஊரில் இருந்துகொண்டு ஏழு வருஷமாக நான் மார்க்கெட்டுக்குள் காலெடுத்து வைத்ததில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், பஸ் அந்தப் பக்கம் திரும்பும்போது நான் பையில் எதையோ தேடுவேன், இல்லாத சில்லறையை, இல்லாத சீப்பை. காய்கறியெல்லாம் தெருவில் வரும் தள்ளுவண்டியில்தான். என் வீட்டுக்காரர் ஒருநாள், “மார்க்கெட்ல பாதி விலைக்குக் கெடைக்குது, அங்க போனா உனக்கு என்ன?” என்று கேட்டுவிட்டு, கேட்ட பிறகு ஞாபகம் வந்து தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். சண்டை என்று ஒன்றும் இல்லை. பேச்சு இல்லை, அவ்வளவுதான். பொங்கலன்று விடியும்போது வாசல் கேட்டில் ஒரு இலைக்கட்டு தொங்கும், ஈரத்துணி சுற்றி, வாழைநாரால் கட்டி. யார் கொண்டுவந்து மாட்டினார்கள் என்று ஏழு வருஷமும் நான் பார்த்ததில்லை. அந்த இலையில்தான் பொங்கல் வைத்துச் சாப்பிடுகிறோம். நன்றாக இருந்தது என்று சொல்ல ஒரு போன் பண்ணியிருக்கலாம், நம்பர் மனப்பாடம், ஆனால் நன்றாக இருந்தது என்று சொன்ன பிறகு அடுத்த வாக்கியம் என்ன என்று எனக்குத் தெரியாது, அதற்கு முந்தைய வாக்கியம் ஒன்று நடுவில் நிற்கிறது, அதைத் தாண்ட வழி தெரியவில்லை.

நூற்று எழுபத்தொன்பது. கோயில் தெரு, ஆதரவு. நூற்று எண்பது, கூரை மேல் குரங்கு ஏறாதபடி கட்ட வேண்டும், ஆலோசனை. குரங்கு ஏறுவது கூரையில் இருக்கும் கண்ணாடி ஓடுகளைத் தட்டிப் பார்க்கத்தான். மார்க்கெட் கூரையில் பத்தடிக்கு ஒன்றாகக் கண்ணாடி ஓடு பதித்திருக்கும், ஒவ்வொன்றின் வழியாகவும் ஒரு சதுர வெளிச்சம் கீழே விழும், சூரியன் நகர நகர அந்தச் சதுரமும் கடை கடையாக நகர்ந்து போகும். அப்பா கடிகாரம் பார்த்து நான் பார்த்ததில்லை. வெளிச்சம் வெங்காயக் கடைப் படிக்கு வந்துவிட்டால் எனக்குப் பள்ளிக்கூடம் விட்டாச்சு என்று அர்த்தம், கல்லாவை விட்டு எழுந்து எனக்காக ஒரு இலைக்கட்டை இழுத்துப் போடுவார், அதுதான் என் நாற்காலி. சில்லென்று இருக்கும். பாவாடை முழுக்க ஈரம் ஏறும். அந்த வாசனையை எதோடு சேர்த்துச் சொல்வது, ஆற்றங்கரைத் தோட்டத்து மண், ஈரச் சாக்கு, வெட்டின இலைக்காம்பு, பக்கத்துக் கடைக் கருவாடு, டீக்கடையில் ஏலக்காய் இடிப்பது, எல்லாம் ஒன்றாகி ஒன்றுக்கும் தனியாகப் பெயர் இல்லாமல். தக்காளி ஏலம் போடுகிறவரின் குரல் ராகம் போலப் போய்க்கொண்டே இருக்கும், நான் வாய்ப்பாடு ஒப்பித்தால் அந்த ராகத்திலேயே வரும், டீச்சர் சிரிப்பார். வாழைக்கறை போகாது, எதைப் போட்டுத் துவைத்தாலும் போகாது. என் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் பழுப்பாகத் தீவு தீவாக இருக்கும், அம்மா எலுமிச்சை தேய்ப்பாள், உப்பு தேய்ப்பாள், கடைசியில் அப்பாவைத் திட்டுவாள், “பொம்பளப் புள்ளைய இலைக்கட்டு மேல ஒக்கார வெக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது.” அப்பா பதில் சொல்ல மாட்டார். அவர் எதற்கும் பதில் சொல்ல மாட்டார், அம்மாதான் அவருடைய பதிலையும் சேர்த்துச் சொல்லி, அதற்கும் மறுபதில் சொல்லி, தானே சமாதானமும் ஆகிக்கொள்வாள். எழுத்து எனக்குச் சொல்லிக்கொடுத்ததுகூட வாயால் இல்லை. கிழிந்துபோன இலையை எடுத்து மடியில் போட்டுத் தீக்குச்சியின் பின்பக்கத்தால் கீறுவார். கீறும்போது ஒன்றும் தெரியாது, இலை பச்சையாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரம் காத்திருந்தால் கீறின இடம் பழுப்பாக எழுந்து வரும், ‘அ’, ‘ம்’, ‘மா’. நான் இலைக்கு மேல் மூக்கை வைத்துக்கொண்டு எழுத்து வருவதற்காகக் காத்திருப்பேன். அவருடைய ‘ழ’வுக்கு வால் நீளம், இலை நரம்பு வரைக்கும் இழுத்துவிடுவார். வாழை என்று எழுதினால் அந்த ஒரு வால் மட்டும் தனியாக ஆடுவதுபோல் இருக்கும். எனக்கும் அப்படியே வந்துவிட்டது, ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் தமிழய்யா என் ‘ழ’ வாலை வெட்டிக்கொண்டிருந்தார்.

“அக்கா, இன்னும் மார்க்கெட் கட்டு பிரிக்கவே இல்லியா?” ரெபேக்கா வந்து நிற்கிறாள். கல்லூரியில் படிக்கிறாள், பதினைந்து நாள் பயிற்சிக்கு வந்த பெண், பாரங்களைக் கடை கடையாகக் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தது இவள்தான். வெயிலில் முகம் கறுத்திருக்கிறது. “நான் வேணா படிக்கறேன், நீங்க அடிங்க?”

“வேணாம், நீ சாப்பிட்டியா முதல்ல?”

“சாப்பிட்டாச்சு. பாதிப் பேரு வெறும் கையெழுத்து போட்டுக் குடுத்துட்டாங்கக்கா. ஏதாவது எழுதுங்க, எழுதுங்கன்னு கெஞ்சி வாங்கிருக்கேன். ஒழுங்கா ஏத்துங்க.”

சிவப்பு நூலை அவளே அவிழ்த்து, கட்டை என் முன்னால் தள்ளிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

சரி. கடை எண் ஒன்று, பாத்திரக்கடை, எதிர்ப்பு. கடை எண் இரண்டு, எதிர்ப்பு. வரிசையாக இருக்கிறது, எண் ஏறிக்கொண்டே வருகிறது, நான் மெதுவாக அடித்துப் பார்க்கிறேன், விரல் கேட்காமல் பழக்கத்தில் ஓடுகிறது. ஒன்பது, பத்து. ஏழு வருஷத்துக்கு முன்னால் அன்றைக்கும் ஆவணி முகூர்த்தம், ஊரில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் மேளச் சத்தம். காலை ஒன்பது மணிக்கு அம்மா எனக்குப் போன் பண்ணினாள், “நெஞ்ச அடைக்குது பாப்பா, அப்பாவுக்கு சொல்லிட்டேன், வரேன்னாரு, நீயும் வரியா?” நீயும் வரியா என்று ஏதோ விசேஷத்துக்குக் கூப்பிடுவதுபோல் கேட்டாள், பயப்படுத்தக்கூடாது என்று அப்படிக் கேட்டாள். நான் ஊரின் இந்தக் கோடி, அவர்கள் புதுக் குடியிருப்பில் அந்தக் கோடி. பஸ் கிடைத்து நான் போவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று வழியிலேயே போன் வந்தது. நேராக அங்கே ஓடினேன். ஒன்பதே முக்காலுக்கு எல்லாம் முடிந்திருந்தது. அம்மாவின் கையில் ஒரு ரப்பர் வளையல் மாதிரி நர்ஸ் போட்ட பட்டை, அதில் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள், குணவதி என்பதற்குக் குணாவதி. அதைத் திருத்த வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம், அந்த நர்ஸிடம் பேனா கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தேன், மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. பத்து, பத்து ஐந்து, பத்துப் பத்து. கடையில் கூட்டம் அம்மும், கல்யாண மண்டபத்துக்காரர்கள் நிற்பார்கள், போனைக் கல்லாவில் வைத்துவிட்டு இலை எண்ணிப் போட்டுக்கொண்டிருப்பார் என்று மனதுக்குள் படம் ஓடுகிறது, ஓட ஓட உள்ளே எதுவோ கருகுகிறது. பத்தே காலுக்கு மேல்தான் வந்தார். வராந்தாவில் சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நான் எழுந்து நின்றேன். நான் சொல்லாமல் இருந்திருக்கலாம், அழுதிருக்கலாம், எல்லாரும் அழுதார்கள். அந்த வாக்கியம் எங்கிருந்து அப்படிக் கோத்துக்கொண்டு வந்ததென்று இன்றைக்கும் தெரியவில்லை. “ஊரான் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் இலை போட்டு முடிச்சிட்டு வந்தீங்களாப்பா?” அவர் வாயைத் திறந்தார். ஏதோ சொல்ல வந்தார். திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. அவருடைய பதிலைச் சேர்த்துச் சொல்ல அம்மா இல்லை.

இருபத்தெட்டு. முப்பது, முப்பத்தொன்று. அதற்கப்புறம் பதினாறாம் நாள் வரைக்கும் அந்த வீட்டில்தான் இருந்தேன், சமைத்தேன், தட்டு வைத்தேன், எடுத்தேன். கிளம்பும்போது “வரேன்ப்பா” என்றேன், தலையை ஆட்டினார். மன்னிப்புக் கேட்கலாம் என்றால், நான் சொன்னது பொய்யா, பொய் இல்லையே, தாமதமாகத்தானே வந்தார், அப்படியென்றால் எதற்கு மன்னிப்பு. நிஜம் என்றால் ஏன் இப்படிக் குத்துகிறது. இந்தச் செக்கில் ஏழு வருஷம் சுற்றியிருக்கிறேன். ஐம்பத்தேழு, உப்புக்கடை, எதிர்ப்பு. அறுபது. அறுபத்து மூன்று, தேங்காய்க்கடை, ‘கட்டி முடிக்கும்வரை எங்களை எங்கே வைப்பீர்கள்?’ நியாயமான கேள்வி, ஆலோசனையில் போடக் கேள்விக்குறியை எடுக்கச் சொல்கிறது பெட்டி. பக்கத்தைத் திருப்பினேன். கறை. பாரத்தின் வலது ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்குப் பழுப்பாக, ஓரம் கொஞ்சம் அதிகமாகக் கறுத்து. பெயரைப் பார்க்கவில்லை, எண்ணைப் பார்க்கவில்லை, அந்தக் கறையை நான் எந்த ஊரில் எந்தக் காகிதத்தில் பார்த்தாலும் தெரிந்துகொள்வேன். கீழே கருத்துக்கான இடம் முழுக்க எழுத்து. இடம் போதாமல் ஓரத்தில் திரும்பி மேலே ஏறிப் போயிருக்கிறது. முதல் வரியிலேயே ஒரு ‘ழ’, வால் அடுத்த வரியைத் தொடுகிறது.

‘ஐயா, கடை எண் 64, நாற்பத்தொரு வருடமாக வாழையிலை வியாபாரம். கட்டடம் எப்படி வேண்டுமானாலும் கட்டுங்கள். வெளியே போகும் வழி மட்டும் எப்போதும் திறந்திருக்க வேண்டும். ஏழு வருடம் முன்பு ஆவணி முகூர்த்தத்தன்று காலை ஒன்பது மணிக்கு என் சம்சாரத்துக்கு நெஞ்சு வலி என்று போன் வந்தது. கடையை அப்படியே விட்டுக் கிளம்பினேன். வடக்கு வாசலில் மூன்று லாரி குறுக்கே நின்றது, என் வண்டி அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. தெற்கு வாசல் சாக்கடை வேலைக்காக அடைத்திருந்தது. மீன் கடைப் பக்கம் மதில் ஏறிக் குதித்தேன். போன் எங்கே விழுந்தது தெரியாது. வீடு வரை ஓடினேன், வீடு பூட்டியிருந்தது. அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நான் போகும்போது அவள் இல்லை. யாரையும் குறை சொல்லவில்லை. இன்னொருவர் அப்படி மதிலைப் பார்த்து நிற்கக்கூடாது. இப்படிக்கு, ப. சிங்காரவேலு.’

காற்றாடி சுற்றுகிறது. பக்கத்து மேசையில் யாரோ வரி ரசீதுக்கு முத்திரை குத்துகிறார்கள், ஒவ்வொரு குத்தும் என் முதுகில் விழுகிறது. மறுபடி படித்தேன். வேட்டி. வந்து நின்றபோது வேட்டி முட்டிக்குக் கீழே கிழிந்து தொங்கியது. நான் அதைப் பார்த்தேன். காலில் ஒரு பக்கம்தான் செருப்பு. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, முகூர்த்த நாளில் மூட்டை தூக்கினால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன், நினைத்தேனா, இல்லை, எனக்கு வேண்டிய மாதிரி அதை மடித்து வைத்துக்கொண்டேன். உள்ளங்கை தோல் உரிந்திருந்ததை மறுநாள் சுடுகாட்டிலிருந்து வந்த சித்தப்பா சொன்னார், “அண்ணனுக்குக் கொள்ளிக்கட்டையப் புடிக்க முடியல” என்று, நான் துக்கத்தில் கை நடுங்கியிருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். மதிலின் மேல் கண்ணாடிச் சில்லு பதித்திருக்கும், மீன் கடைப் பக்கம், பூனை ஏறாமலிருக்க. எனக்குத் தெரியும், சின்ன வயதில் அந்தச் சில்லுகளில் பச்சை எத்தனை, பழுப்பு எத்தனை என்று எண்ணியவள் நான். ஐம்பத்தெட்டு வயதில் அதன் மேல் கை வைத்து ஏறியிருக்கிறார். ஏறி, குதித்து, ஐந்து கிலோமீட்டர், பூட்டின வீடு, அந்தப் பூட்டை இழுத்துப் பார்த்திருப்பார், கண்டிப்பாக இழுத்துப் பார்த்திருப்பார். இவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து வாயைத் திறந்தவரை நான் மூடவைத்தேன். ஏழு வருஷம். எனக்குச் சொல்லாததை நகராட்சிக்குச் சொல்லியிருக்கிறார், ஐயா என்று போட்டு.

“எத்தனாவது ஓடுது மணிமொழி?” தணிகாசலம் சார் பின்னால் நிற்கிறார். நல்ல மனுஷர், ரிடையர் ஆக எட்டு மாசம் இருக்கிறது, எதையும் சத்தமில்லாமல் முடிக்க வேண்டும் அவருக்கு. தோளுக்கு மேலாகக் குனிந்து பாரத்தைப் படித்தார், உதடு அசைய. “ப்ச். பாவம்” என்றார். பிறகு, “இது சொந்தக் கதையால்ல இருக்கு. தொடர்பில்லாததுல போட்டுடும்மா.”

“இல்ல சார். வழி கேக்கறாரு.”

“அப்ப வழின்னு நாலு வார்த்தை போடு. இம்புட்டும் ஏறாது அதுல.”

அவர் போய்விட்டார். நான் அடிக்க ஆரம்பித்தேன். முழுசாக அடித்தேன், பெட்டி சிவந்தது. எதை எடுப்பது. நாற்பத்தொரு வருடத்தை எடுத்தேன். இன்னும் சிவப்பு. லாரி எத்தனை என்பதை எடுத்தேன். சாக்கடை வேலையை எடுத்தேன். போன் விழுந்ததை எடுக்க வேண்டும், ஆனால் நான் அன்றைக்கு முப்பது தடவை அடித்த போன் அது, அவர் இல்லாத இடத்தில், யாரோ ஒருவர் காலடியில் இலைக் கழிவுக்குள் கிடந்து அடித்துக்கொண்டிருந்த போன். சரி, எடுத்தேன். வீடு பூட்டியிருந்தது என்பதை எடுத்தேன், உடனே மறுபடி போட்டேன். ‘என் சம்சாரத்துக்கு’ என்பதை எடுத்தால் பச்சையாகிவிடும் என்றது கணக்கு. ஒரு விரலை அழிக்கும் பொத்தான் மேல் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ. பிறகு மொத்தத்தையும் அழித்தேன். ‘இரண்டு வாசல்களும் எப்போதும் திறந்திருக்க வேண்டும். முழு விவரம் இணைப்பில்’ என்று அடித்து, ஆலோசனையில் போட்டு, பாரத்தை அப்படியே ஸ்கேன் செய்து கோத்தேன். கறையும் வந்தது. வியாழக்கிழமை கூட்டத்தில் பத்துப் பாரங்களை வாசித்துக் காட்ட வேண்டும் என்று சார் என்னைப் பொறுக்கச் சொல்லியிருந்தார். ஒன்பது எடுத்து வைத்திருந்தேன். பத்தாவதாக இதை வைத்தேன். ஊர் முன்னால் யாரோ இதை மைக்கில் வாசிப்பதற்கு முன்னால் நான் ஒன்று செய்தாக வேண்டும்.

இருபது பாரத்துக்கு ஒரு பாரம், எழுதியவர் அவர்தானா என்று போன் போட்டு உறுதி செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. காலையிலிருந்து எட்டுப் பேருக்குப் போட்டிருக்கிறேன். அலுவலகப் போனை இழுத்தேன். நம்பரைப் பாரத்தில் பார்க்கவில்லை. மூன்று தடவை மணி அடித்தது. நாலு. எடுத்தவுடன் பின்னால் மார்க்கெட் முழுக்கக் கேட்டது, தராசுத் தட்டு, யாரோ யாரையோ கூப்பிடுவது, அந்த ஏல ராகம், ஆள் மாறியிருக்க வேண்டும், ராகம் அதேதான்.

“வணக்கங்க. நகராட்சி அலுவலகத்துலேர்ந்து பேசறோம். கடை எண் அறுபத்து நாலு, சிங்காரவேலுங்களா?” என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது.

“ஆமாங்க” என்றார். குரல் மெலிந்திருக்கிறது. ஓரத்தில் ஒரு கரகரப்பு, அது புதுசு.

“மார்க்கெட் திட்டத்துக்குக் கருத்து குடுத்திருந்தீங்க. அது நீங்களே எழுதினதுதானுங்களா?”

“நானே எழுதினதுதாங்க.”

“வேற யாரும் சொல்லி...”

“இல்லீங்க, யாரும் சொல்லல.” மூச்சு விடும் சத்தம். நான் அடுத்த கேள்விக்குக் காகிதத்தைப் பார்க்கிறேன், அடுத்த கேள்வி இல்லை, நன்றி சொல்லி வைக்க வேண்டியதுதான். அவர் தானாகப் பேசினார். அவர் இவ்வளவு சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டதே இல்லை. “முதல்ல நான் ஒண்ணும் எழுதலைங்க. கையெழுத்து போட்டுக் குடுத்துட்டேன். அந்த ரெபேக்கா புள்ள விடல. எழுதுங்க தாத்தா, எங்க ஆபீஸ்ல மணிமொழி அக்கா ஒரு எழுத்து விடாமப் படிப்பாங்கன்னுச்சு. எந்த மணிமொழின்னு கேட்டேன். மூணு வருசமா இருக்காங்க, ஒசரமா, நெத்தியில தழும்பு இருக்கும்னுச்சு. அப்புறந்தான் பாரத்தத் திருப்பி வாங்கி எழுதினேன்.”

முத்திரை குத்தும் சத்தம் நின்றிருக்கிறது, இல்லை, எனக்குத்தான் கேட்கவில்லை.

“படிச்சியாம்மா?” என்றார்.

“படிச்சேன்ப்பா.”

“முழுசாவா?”

“முழுசாப்பா. அப்பா, அன்னிக்கு நான் கேட்டது...” அதற்கு மேல் வரவில்லை. அந்தப் பக்கம் யாரோ அவசரக் குரலில், “பெரியவரே, மண்டபத்துல ஆளு காத்துக்கிட்டிருக்காங்க, ஐந்நூறு இலை, சீக்கிரம் எடுத்துப் போடுங்க” என்பது கேட்டது. வைத்துவிடுவார் என்று நினைத்தேன். போனை வாயிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்திருக்க வேண்டும், குரல் தூரத்திலிருந்து வந்தது, ஆனால் தெளிவாக வந்தது.

“செத்த நேரம் நில்லுங்க தம்பி, எம் பொண்ணு பேசுது.”

பிறகு பக்கத்தில் வந்து, “நீ சொல்லும்மா” என்றார்.